சூடேற்றாத தோட்டக் கொட்டிலுக்குப் பலகைத் தளம்: 8×10 அடிக்கான செய்முறை

பின்வளவுக் கொட்டிலின் தளம் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெடும். வாசலடியில் உக்கும், இல்லாவிட்டால் நடுவில் கூன் போட்டு எழும்பும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம் உள்ளே போக வழி இருக்கிறது, வெளியே வர வழி இல்லை. வீட்டுக்குள் தளம் போடுகிற பழக்கத்தில் பலகைகளை இறுக்கி அடித்து, அடியில் பொலித்தீன் விரித்து, மேலே வார்னிஷ் பூசிவிடுகிறார்கள். சூடேற்றிய வீட்டுக்குள் அது சரி. ஒன்ராறியோவின் குளிரில் சும்மா நிற்கும் கொட்டிலுக்கு அது பொருந்தாது.

இங்கே சொல்லப்போகும் முறை ரொறன்ரோவையும் அதைச் சுற்றிய இடங்களையும் மனதில் வைத்தது. களிமண் நிலம், 4 அடி ஆழம் வரை இறங்கக்கூடிய உறைபனி, ஸ்நோபுளோவரோடு உள்ளே வரும் பனியும் உப்பும், அடியில் குடியேறப் பார்க்கும் ரக்கூனும் ஸ்கங்கும்: இவை எல்லாவற்றுக்கும் தளம் ஈடுகொடுக்க வேண்டும். அளவு 8×10 அடி. இது 15 சதுர மீற்றருக்கும் குறைவு என்பதால் கட்டட அனுமதிச் சிக்கல் வராது. ஆனால் வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது நகரத்துக்கு நகரம் மாறும். அதை உங்கள் நகரசபையில் முதலே கேட்டுவிடுங்கள்.

ஏன் பலகை, ஏன் பிளைவூட் இல்லை

முக்கால் அங்குல பிளைவூட் போட்டால் வேலை அரை நாளில் முடியும், செலவும் குறைவு. துவிச்சக்கர வண்டியும் தோட்டச் சாமான்களும் மட்டும் வைக்கிற உலர்ந்த கொட்டிலுக்கு அது போதும். பனியோடு வரும் சாமான் உள்ளே நிற்குமென்றால் பலகைதான் நல்லது. உருகிய தண்ணீர் பலகைகளுக்கு இடையில் விடும் நீக்கல்களால் கீழே வடிந்துவிடும். ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். பிளைவூட்டில் தண்ணீர் தேங்கினால் விளிம்பில் படை படையாகக் கிளம்பத் தொடங்கும், பிறகு முழுத் தகட்டையும் கழற்ற வேண்டிவரும். மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய தகடான ஓஎஸ்பியை இந்த இடத்தில் நினைக்கவே வேண்டாம், அதன் விளிம்பு ஈரத்தில் ஊதினால் திரும்ப வற்றாது.

பலகையில் எங்கள் தெரிவு, டெக் போடுவதற்கு விற்கும் பிரஷர் ட்ரீட்டட், அதாவது அழுத்தத்தில் மருந்தேற்றிய, 5/4×6. பெயர் அப்படி இருந்தாலும் உண்மை அளவு 1 அங்குலத் தடிப்பும் 5½ அங்குல அகலமும்தான். நாக்கும் காடியும் வைத்துப் பொருத்துகிற முக்கால் அங்குலப் பைன் பலகை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நாக்குக்குள் போன தண்ணீர் அங்கேயே நிற்கும், நடுவில் ஒரு பலகையைக் கழற்றுவதும் பெரும் பாடு. சூடேற்றாத கொட்டிலுக்கு நேர்விளிம்புப் பலகையே நல்லது.

வாங்க வேண்டியவை

மரக்காலைக்குப் போகும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்திருங்கள்:

- அடிமரம்: 4×4, 10 அடி, 3. இவை கல்லில் கிடக்கப்போகின்றன, ஆகவே நிலத்தில் படக்கூடியது என்று குறித்த மருந்தேற்றிய மரமாக இருக்க வேண்டும்.
- விளிம்பு மரம்: 2×6, 10 அடி, 2. மருந்தேற்றியது.
- குறுக்கே போகும் தீராந்தி, கடையில் ஜொயிஸ்ட் என்று கேட்பது: 2×6, 8 அடி, 9. இதுவும் மருந்தேற்றியது.
- தளப்பலகை: 5/4×6, 10 அடி, 18. பதினேழு போடுவதற்கு, ஒன்று கையிருப்பு.
- பலகைக்குத் திருகாணி: 2½ அங்குல டெக் திருகாணி, 350. கணக்கு: 17 பலகை, 9 தீராந்தி, ஒவ்வொரு சந்திப்பிலும் 2. அது 306.
- சட்டத்துக்குத் திருகாணி: 3 அங்குலம், 120.
- முக்கால் அங்குலத் தூள் இல்லாத உடைகல், கடையில் 'த்ரீ குவார்ட்டர் கிளியர்': 2½ கன யார்.
- நிலத்துணி: 10×12 அடி மூடும் அளவு.
- நாகம் பூசிய கம்பிவலை: அரை அங்குலக் கண், 2 அடி அகலம், 40 அடி நீளம். கால் அங்குலக் கண் உள்ளது, தளம் முழுவதுக்கும்.
- வெட்டுமுனைக்குப் பூசும் கொப்பர் நப்தனேற் மருந்து: ஒரு சிறு பேணி.

திருகாணியில் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். இப்போது வீட்டுப் பாவனைக்கு வரும் மரத்தில் ஏற்றுவது செம்பு கலந்த மருந்து. ஆர்சனிக் கலந்த பழைய வகை 2003 முடிவோடு வீட்டுப் பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. அந்தச் செம்பு, ஈரத்தோடு சேரும்போது சாதாரண நாகப் பூச்சுத் திருகாணியை அரித்துவிடும். பெட்டியில் மருந்தேற்றிய மரத்துக்கு உகந்தது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வாசலிலிருந்து முதல் 3 அடிக்கு மட்டும் ஸ்ரெயின்லெஸ் போட்டால் இன்னும் நல்லது, வீதி உப்பு அங்கேதான் சொட்டும். தலையில் சதுரக் குழி உள்ள ரொபேர்ட்சன் திருகாணி கனடாவில் எங்கும் கிடைக்கும். 8ஆம், 10ஆம் இலக்கத் திருகாணிகளுக்குச் சிவப்பு நிற முனை பொருந்தும். முனை குழியை விட்டு நழுவாது என்பதால் 300 திருகாணி போட்ட பிறகும் கை நோகாது.

நிலம்

தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவையில் பதிவு செய்து நிலத்தடிக் கம்பிகளை அடையாளமிடச் செய்யுங்கள். இது இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. ஆறு அங்குலம்தானே என்று விட்டுவிட வேண்டாம். தொலைபேசி, கேபிள் கம்பிகள் சில இடங்களில் அவ்வளவு மேலாகவே கிடக்கும்.

10×12 அடிக்கு, அதாவது கொட்டிலைச் சுற்றி ஒரு அடி கூட்டி, புல்லையும் வேரையும் மேல்மண்ணையும் 6 அங்குலம் எடுங்கள். அடியை மட்டமாக்கி மிதித்து இறுக்கி, நிலத்துணியை விரித்து, உடைகல்லைக் கொட்டுங்கள். கல்லின் மேல்மட்டம் சுற்றியுள்ள புல்லைவிட ஒரு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். துணியை விட்டுவிட்டால் சில வருடங்களில் களி மேலே ஏறிக் கல்லோடு கலந்துவிடும். பிறகு அது கல்மெத்தை இல்லை, சேறு.

தூள் இல்லாத கல் ஏன் என்றால், உறைபனி நிலத்தைத் தூக்குவது வெறும் குளிரால் அல்ல. உறையும் மட்டத்துக்கு அடியிலிருந்து களிமண் தண்ணீரை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது, அது அங்கே தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியாகி மண்ணை உயர்த்துகிறது. தூள் இல்லாத கல்லில் பெரிய இடைவெளிகள் இருப்பதால் தண்ணீர் உறிஞ்சப்பட்டு மேலேறாது, கீழே வடிந்துவிடும். தூளோடு வரும் கல் இறுகிச் சமமாகும், நடைபாதைக்கு நல்லது. அதில் ஈரம் நிற்கும் என்பதால் இங்கே வேண்டாம்.

களிமண் நிலத்தில் கல்லுக்கு அடியில் உள்ள மண் எப்படியும் கொஞ்சம் அசையும். அதனால்தான் கொட்டிலை ஒரே துண்டாக அடிமரத்தில் மிதக்க விடுகிறோம், எழும்பினாலும் முழுவதாக எழும்பி முழுவதாக இறங்கும். இரண்டு அடி ஆழத்தில் தூண் நட்டுக் கொங்கிறீற் ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசமான வழி. உறைந்த மண் தூணின் பக்கத்தைப் பிடித்து மேலே இழுக்கும், ஒவ்வொரு தூணும் ஒவ்வோர் அளவுக்கு உயரும், பெப்ரவரியில் கதவு பூட்டாது. 4 அடிக்குக் கீழே போகமுடிந்தால் தூண் வையுங்கள், இல்லாவிட்டால் நிலத்தின் மேலேயே விடுங்கள்.

கூரைத் தண்ணீர்க் குழாய் இந்தக் கல்லை நோக்கிக் கொட்டினால் மேலே சொன்ன பாடெல்லாம் வீண். குழாயைத் திருப்பிவிடுங்கள்.

அடிமரமும் சட்டமும்

மூன்று அடிமரங்களும் 10 அடிப் பக்கத்துக்கு இணையாகக் கிடக்கும். ஓரத்து இரண்டின் வெளிமுகம் சட்டத்தின் விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே இருக்கட்டும். கூரைப் பனியின் பாரம் நீளச் சுவர்கள் வழியாக இறங்குவதால் இதைவிட உள்ளே தள்ளக்கூடாது. சரியாக விளிம்பிலேயே வைத்தால் சுவரில் வழியும் மழை அடிமரத்தில் சொட்டும். மூன்றாவது நடுவில். மூன்றுக்கும் குறுக்கே நேரான நீள மரமொன்றை வைத்து அதன்மேல் நீர்மட்டத்தை வைத்துப் பாருங்கள், மூலைக்கு மூலையும் பாருங்கள். பதிந்த இடத்தில் கல்லைச் சேருங்கள். பலகைத் துண்டைக் கொடுத்து உயர்த்த வேண்டாம், அது அசைந்து வெளியே வந்துவிடும்.

தீராந்திகளை 93 அங்குலத்துக்கு வெட்டுங்கள்: 96 அங்குல அகலத்தில் இரண்டு விளிம்பு மரத்தின் தடிப்பு 3 அங்குலம் போக மிச்சம். கடையில் 10 அடி என்று வாங்கும் மரம் கால் அங்குலம் கூடவே இருக்கும், விளிம்பு மரங்களைச் சரியாக 120க்கு வெட்டிக்கொள்ளுங்கள். மருந்து மரத்தின் நெஞ்சுவரை போவதில்லை, ஸ்புரூஸில் மேல்தோலோடு நின்றுவிடும். ஆகவே வெட்டிய ஒவ்வொரு முனைக்கும் கொப்பர் நப்தனேற் இரண்டு தடவை பூசவேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் நாளைக்கு என்று விட்டு மறந்துவிடுகிறார்கள், உக்கல் அங்கிருந்துதான் தொடங்கும். வெட்டும்போது முகமூடி போடுங்கள். மிச்சத் துண்டுகளை எரிக்கவே கூடாது, புகையும் சாம்பலும் நஞ்சு.

பிளைவூட் போடுகிறவர்கள் தீராந்திகளை 16 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்தே ஆகவேண்டும், தகட்டின் ஓரம் ஒரு மரத்தில் விழவேண்டும் என்பதற்காக. உங்கள் பலகை முழு 10 அடிக்கும் பொருத்தில்லாமல் ஓடுவதால் அந்தக் கட்டாயம் இல்லை. ஒன்பது தீராந்தியையும் சம தூரத்தில் வையுங்கள்: மையத்திலிருந்து மையத்துக்கு 14 13/16 அங்குலம். 16க்கு வைத்தாலும் ஒன்பதுதான் வரும், கடைசி இடைவெளி மட்டும் ஒடுங்கிப் போகும்.

ஒவ்வொரு 2×6ஐயும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்திருக்கும். அந்தக் கூன் பக்கம் மேலே வரவேண்டும், பாரம் ஏற அது நேராகும். விளிம்பு மரத்தினூடாக ஒவ்வொரு முனைக்கும் மூன்று திருகாணி. சட்டம் சேர்ந்ததும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளவுங்கள், இரண்டும் 153 11/16 அங்குலம் வரவேண்டும். கால் அங்குலம் வித்தியாசம் இருந்தால் நீண்ட மூலையைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் அடிமரத்தோடு பிணைக்க வேண்டும். இப்போது விட்ட கோணல் கூரைவரை ஏறும்.

பிணைப்பதற்கு ஒவ்வொரு சந்திப்பிலும் சாய்வாக இரண்டு திருகாணி, தீராந்தியின் இரு பக்கத்திலும் ஒவ்வொன்று. ஏதாவது தீராந்தி அடிமரத்தில் படாமல் நின்றால் மருந்தேற்றிய மரத்தில் மெல்லிய ஆப்புச் சீவி இறுக்கமாகச் செருகி, அதன்பின் திருகுங்கள். நடக்கும்போது தளம் துள்ளுகிறது என்று பிறகு வரும் முறைப்பாட்டில் பெரும்பங்கு இந்தக் காற்றிடைவெளிதான், பலகையின் தடிப்பு அல்ல.

வலை: பலகைக்கு முதல்

சட்டத்தின் வெளிப்பக்கத்தில் அரை அங்குல வலையை 2 அங்குலம் பதியச் செய்து, கீழே இறக்கி, கல்லுக்கு அடியில் ஒரு அடிக்கு மேல் வெளிப்பக்கமாக மடித்து மூடுங்கள். தோண்டும் மிருகம் சுவரோரத்தில்தான் தோண்டும், மடித்த வலையில் கால் தடுக்க விட்டுவிடும். பலகை அடித்து மூடாதீர்கள், அடியில் காற்று ஓடியே ஆகவேண்டும். ஏற்கெனவே நிற்கும் கொட்டிலுக்கு வலை போடுகிறீர்கள் என்றால், உள்ளே எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். வசந்தத்தில் குட்டியோடு தாய் இருக்கும், கோடை முடியும்வரை பொறுப்பது நல்லது.

அரை அங்குலக் கண்ணால் எலிக்குஞ்சு தாராளமாகப் போகும். பறவைத் தீனியோ புல்விதையோ வைக்கிற எண்ணம் இருந்தால், தீராந்திகளின் மேல் கால் அங்குல வலையை விரித்து ஸ்ரேப்பிள் அடியுங்கள், பலகை அதன்மேல் வரும். தண்ணீரையும் காற்றையும் அது தடுக்காது. அந்த இடத்தில் பொலித்தீன் விரிப்பவர்கள் உண்டு. அதில் விழுந்த தண்ணீருக்குப் போக இடமில்லை, பலகையின் அடிப்பக்கம் கறுத்து, பூஞ்சணம் பிடித்து, வெளியே தெரியும் முன்னரே உக்கிவிடும்.

நீக்கல் எவ்வளவு: பலகையின் ஈரம்தான் சொல்ல வேண்டும்

இந்தத் தளத்தின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். "இரண்டு பலகைக்கு இடையில் எவ்வளவு விடுவது?" என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லி முடிக்க முடியாது. போடுகிற அன்று பலகை எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

தென் ஒன்ராறியோவில் மழை படாமல் வெளிக்காற்றில் நிற்கும் மரம் ஏறக்குறைய 12 முதல் 16 சதவீத ஈரப்பதனில் நிலைகொள்ளும். குளிர்காலத்தில் சூடேற்றிய நிலக்கீழ் அறையில் கிடந்த மரம் 6, 7 சதவீதத்துக்கு வற்றிவிடும். மரக்காலையில் மருந்தேற்றிய கையோடு கட்டிவைத்த பலகையோ 28க்கும் மேலே இருக்கலாம். பைன், ஸ்புரூஸ் வகைப் பலகை ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் அகலத்தில் ஏறக்குறைய 0.2 சதவீதத்துக்குச் சற்று மேலாக மாறும். 5½ அங்குலம், அதாவது 140 மில்லிமீற்றர் பலகையில் அது 0.3 மில்லிமீற்றர். சின்ன எண்ணாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 7 சதவீதத்தில் வீட்டுக்குள் கிடந்த பலகை கொட்டிலுக்கு வந்து 15க்கு ஏறினால் ஒவ்வொன்றும் 2.4 மில்லிமீற்றர் பெருக்கும். பதினேழும் சேர்ந்தால் 4 சென்ரிமீற்றர். இறுக்கிப் போட்டிருந்தால் அந்த 4 சென்ரிமீற்றருக்குப் போக இடம் இல்லை. ஒன்று தளம் கூனும், இல்லாவிட்டால் விளிம்பு மரத்தை வெளியே தள்ளும்.

எதிர்ப்பக்கமும் அதே கணக்குத்தான். ஈரமாக வாங்கிய பலகை 28இலிருந்து 14க்கு வற்றும்போது 4 மில்லிமீற்றர் சுருங்கும். அதை 4 மில்லிமீற்றர் நீக்கல் விட்டுப் போட்டிருந்தால் கோடை முடிய நீக்கல் 8 ஆகிவிடும், சில்லறைச் சாமானெல்லாம் கீழே விழும், எலிக்கும் பாதை கிடைக்கும்.

ஆகவே வழி இது. பலகை ஈரமாக இருந்தால் நீக்கல் விடாமல் ஒட்டிப் போடுங்கள், வற்றும்போது தானாகவே 4 மில்லிமீற்றர் திறக்கும். 19 சதவீதத்துக்குக் கீழே காய்ந்திருந்தால் 4 மில்லிமீற்றர் விட்டுப் போடுங்கள். 3½ அங்குலச் சாதாரண ஆணியின் தண்டு சரியாக அந்தத் தடிப்பு, நான்கு ஐந்தை அளவுகோலாக இடையில் செருகலாம். அகலக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. காய்ந்த பலகை 17 × 5½ = 93½ அங்குலம், மிச்சம் 2½ அங்குலத்தை 16 நீக்கலுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் 4 மில்லிமீற்றர். ஈரப்பலகை 5⅝ அளவில் இருக்கும், ஒட்டிப் போட்டால் 95⅝ அங்குலம். இரண்டிலும் 17 பலகையே தளத்தை நிரப்பும்.

ஈரத்தை அறிய ஊசி வைத்த ஈரமானி சிறந்தது. செம்பு மருந்து இருப்பதால் அது உண்மையைவிட ஒன்றிரண்டு கூட்டிக் காட்டும், அதை மனதில் வையுங்கள். மானி இல்லாவிட்டால் ஒரு திருகாணியை இறக்குங்கள். தலையைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால் ஈரம். கையில் தூக்கும்போது ஒன்றுக்கொன்று பாரம் மிகவும் வேறுபட்டால் அது ஈரப்பலகையும் காய்ந்த பலகையும் கலந்த கட்டு, அந்த நிலையில் போட்டால் நீக்கல்கள் ஒழுங்கில்லாமல் திறக்கும். அப்படியானவற்றை வெளியே, கூரைக்குக் கீழே, இடையிடையே சலாகை வைத்து அடுக்கி மேலே பாரம் ஏற்றி மூன்று நான்கு கிழமை காயவிடுங்கள். வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.

பலகை இறக்குதல்

கொட்டிலின் கதவு 8 அடிப் பக்கத்தில் இருந்தால் பலகை வாசலிலிருந்து உள்நோக்கி ஓடும். சில்லு அதன் நீளத்தில் உருளும், கூட்டும்போது தண்ணீரும் நீக்கல் வழியே இலகுவாகப் போகும். கதவை 10 அடிப் பக்கத்தில் வைக்கத் திட்டமென்றால் தீராந்தியின் திசையை மாற்றுவது பற்றி இப்போதே யோசியுங்கள்.

பதினேழில் மிக நேரான பலகையை எடுத்து ஓரத்தில் வையுங்கள். நூல் பிடித்து நேர்பார்த்துத் திருகுங்கள், இது கோணினால் எல்லாம் கோணும். ஒவ்வொரு தீராந்தியிலும் இரண்டு திருகாணி, விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே. நடுவில் ஒன்று மட்டும் போட்டால் பலகையின் ஓரங்கள் தூக்கும். முனைகளில் முதலில் ⅛ அங்குலத் துளை போட்டுத்தான் திருக வேண்டும், இல்லாவிட்டால் பிளக்கும். திருகாணித் தலை பலகையோடு சமமாக நிற்கட்டும். ஆழமாக இறக்கினால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். ஆணி வேண்டாம். பலகை வருடா வருடம் பெருத்துச் சுருங்கும்போது ஆணி மெல்ல மெல்ல மேலே வந்துவிடும்.

எந்த முகம் மேலே? முனையில் வளையங்களைப் பாருங்கள். வானவில் போல மேலே வளைந்திருக்கும் பலகை வற்றும்போது ஓரங்கள் உயர்ந்து நடுவில் தண்ணீர் நிற்கும். ஈரமாகப் போடுகிறவர்கள் அதனால் வளையம் கீழ்நோக்கி வளைந்த மாதிரித் திருப்பிப் போடலாம். ஆனால் அந்த முகத்தில் சிராய் கிளம்பியிருந்தால் நல்ல முகத்தையே மேலே வையுங்கள், இரண்டு திருகாணியும் ஓரத்தை ஓரளவு அடக்கும்.

வளைந்த பலகையை முதலில் ஒரு முனையில் திருகி, பிறகு தீராந்தி தீராந்தியாக, தடித்த உளியை மரத்தில் குத்தி நெம்பி நேராக்கிக்கொண்டே போங்கள். நான்கு பலகைக்கு ஒருமுறை எதிர் விளிம்புவரை உள்ள தூரத்தை இரு முனையிலும் அளவுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த நான்கு நீக்கலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டலாம், கடைசியில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நீளப்பக்கம் மரம் பெருப்பது மிகமிகக் குறைவு என்பதால் முனைகளுக்கு இடம் விடத் தேவையில்லை. எல்லாம் போட்ட பிறகு சோக்குநூல் அடித்து முனைகளை ஒரே வெட்டில் வெட்டி மருந்து பூசுங்கள்.

சுவர் ஏறும்போது வெளிப்பலகை தளத்தின் மேல்மட்டத்தைவிட ஓர் அங்குலமாவது கீழே இறங்கி விளிம்பு மரத்தை மூடவேண்டும். தளம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் மழை அதன்மேல் விழுந்து சுவரின் அடிமரத்துக்குக் கீழே ஊறும்.

பிறகு பூசுவது, விரிப்பது

இரண்டு மாதமாவது காயவிட்டு, தண்ணீர்த் துளி விட்டால் மரம் உறிஞ்சுகிறது என்ற நிலை வந்ததும் உள்ளே ஊறும் வகை எண்ணெய்ப் பூச்சு போடலாம். போடாவிட்டாலும் மருந்தேற்றிய பலகை தாக்குப்பிடிக்கும். வார்னிஷும் தரைப் பெயின்ற்றும் மேலே தோல்போலப் படிபவை. கீழிருந்து வரும் ஈரம் அவற்றைத் தள்ளிப் பொருக்காக உரிக்கும். றப்பர் விரிப்பு போட்டால் அதன் அடியில் ஈரம் நிற்கும். ஸ்நோபுளோவருக்கு விளிம்பு வைத்த தட்டு வையுங்கள், உப்புத் தண்ணீரை அப்படியே தூக்கி வெளியே ஊற்றிவிடலாம்.

தளத்தின் மேல்மட்டம் கல்லிலிருந்து ஏறக்குறைய 10 அங்குலம் உயரத்தில் இருக்கும்: அடிமரம் 3½, தீராந்தி 5½, பலகை 1. ஸ்நோபுளோவரை ஏற்ற 5 அடிக்குக் குறையாத சரிவுப்பாதை வேண்டும். அதைக் கொட்டிலோடு நிரந்தரமாகத் திருகாதீர்கள். அதன் கீழ்முனை மண்ணில் கிடப்பதால் கொட்டிலிலிருந்து வேறுவிதமாக எழும்பி வாசல் விளிம்பைப் பிளக்கும். கொளுக்கியில் மாட்டிக் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள்.

மண் முற்றாக உருகி இறுகும் மே மாதத்தில் நீர்மட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் அடிமரத்துக்குக் கீழே ஜக் கொடுத்துத் தூக்கி, கல்லைத் தள்ளி நிரப்பலாம். மார்ச்சில் பார்த்துச் சரிசெய்ய வேண்டாம். அப்போது பாதி நிலம் உறைந்தும் பாதி உருகியும் இருக்கும், நீங்கள் சரிசெய்தது மே மாதத்தில் கோணலாகும்.

நிற்கும் கொட்டிலில் பலகை மாற்றுவது

சுவர் தளத்தின்மேல் ஏறியிருப்பதால் பலகையின் இரு முனையும் சுவரின் அடிமரத்துக்குக் கீழே சிக்கியிருக்கும். முழுவதையும் இழுக்கப் பார்க்காதீர்கள். திருகாணிகளைக் கழற்றிவிட்டு, அதிரும் வெட்டுக் கருவியால் சுவரோரத்தில் நேராக வெட்டி எடுங்கள். சுவரின் அடிமரம் 3½ அங்குல அகலம், ஓரத் தீராந்தி 1½ அங்குலம்தான். எனவே புதுப்பலகையின் முனைக்குத் தாங்கல் இருக்காது. ஓரத் தீராந்தியின் உட்பக்கத்தில், மேல்மட்டம் சமமாக வர, மருந்தேற்றிய 2×4 துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று சேர்த்து மூன்று அங்குலத் திருகாணிகளால் இறுக்குங்கள், பலகை முனை அதில் ஓர் அங்குலமாவது உட்காரும். புதுப்பலகையாகக் கையிருப்பில் வைத்த பதினெட்டாவதைப் போடுங்கள். அதைக் கொட்டிலுக்குள்ளேயே சுவரோரம் படுக்க வைத்திருந்தால் மற்றப் பலகைகளின் அதே ஈரப்பதனில் இருக்கும், 4 மில்லிமீற்றர் நீக்கலில் அப்படியே பொருந்தும்.